கடலடியில் மூச்சு: கீழக்கரைக் கரையோரம் ஒரு பயணம்



நோயுற்றவரை நலம் விசாரிக்கச் சென்ற ஒரு பயணம், கடலைப் பற்றிய பாடமாக முடிந்தது. அந்தப் பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன். உங்கள் குடும்பத்தில் கடலோடிகள் எவரும் இல்லாமலிருக்கலாம். ஆயினும் படித்துப் பாருங்கள். நம் சமுதாயத்தில் கடலில் மூழ்கிப் பிழைத்த மக்களின் கதை இதில் இருக்கிறது.

எங்கள் மத்ரஸாவில் தங்கிப் பயிலும் மாணவன் ஒருவன் ஊருக்குச் சென்று, பத்து நாட்களாகியும் திரும்பவில்லை. விசாரித்தபோது, அவனுடைய வாப்பாவுக்குக் கால்கள் விளங்காமல் போய்விட்டன என்றார்கள். நாற்பது வயதுகூட நிரம்பாதவர், சங்கு குளிப்பவர். கடலுக்குள் அடிபட்டாரா என்று கேட்டேன். அடியேதும் இல்லை, நல்லபடியாகக் கரையேறியவர்தாம், மறுநாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்று பதில் வந்தது. கல்லூரியில் வரலாறு படித்துவிட்டுக் கிதாபுகளோடு காலம் கழிக்கும் எனக்கு இது விளங்கவில்லை. நேரில் பார்த்துவர ஒரு வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டேன்.

தென்கடல் ஓரம்

இராமநாதபுரத்திலிருந்து தெற்கே சுமார் 17 கிலோமீட்டர் சென்றால் கீழக்கரை. வழியெங்கும் பனைகளும் உடைமரங்களும். ஊருக்குள் நுழைந்ததும் உயர்ந்த சுவர்களையுடைய பழைய வீடுகள் கண்ணில் படும். வள்ளல் சீதக்காதியின் நினைவோடு பிணைந்த கல்பள்ளிவாசல் இங்கே இருக்கிறது. முத்தும் சங்கும் இவ்வூர் வணிகர்களின் கைகளுக்குள் புழங்கிய காலம் ஒன்றிருந்தது. வணிகர்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. அந்த முத்தையும் சங்கையும் கடலடியிலிருந்து எடுத்துவந்த குளியாட்களின் பெயர்கள் நிற்கவில்லை.

கடற்கரையில் நின்று பார்த்தால், தெளிந்த நாட்களில் சிறு தீவுகள் கரும்பச்சைக் கோடுகளாகத் தெரியும். தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரை இத்தகைய தீவுகள் 21 எனக் கணக்கு. பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் இப்பகுதி மக்கள் அழைப்பார்கள். தென்கடலின் அடியில் பவளப்பாறைகளும், முத்துச்சிப்பி விளையும் பார்களும், சங்கு புதைந்து கிடக்கும் மணல்வெளிகளும் உள்ளன. கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை முதலிய ஊர்களின் முஸ்லிம்களுள் ஒரு பகுதியினர் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்து வாழ்ந்தவர்கள். அந்தச் சங்கு வங்காளத்துக்குச் சென்று, அங்குள்ள இந்துப் பெண்களின் மணவளையலாக அறுக்கப்பட்டது. ஒரு முஸ்லிம் குளியாள் மூச்சடக்கி எடுத்த பொருள் எங்கோ ஒரு மணப்பெண்ணின் கையை அணிசெய்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

கல்லும் கயிறும் மச்சானும்

நான் தேடிச் சென்ற வீடு, கீழக்கரையிலிருந்து சிறிது தொலைவிலுள்ள ஒரு கடலோரச் சிற்றூரில் இருந்தது. மாணவனின் வாப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய தந்தை அமர்ந்திருந்தார். எழுபதைக் கடந்தவர், அவரும் குளியாளாக இருந்தவர்தாம். மஃரிபு தொழுதுவிட்டு வந்ததும் தேநீர் தந்தார்கள். பெரியவர் பேசத் தொடங்கினார்.

“எங்க வாப்பா தூத்துக்குடி முத்துச் சலாபத்துக்குப் போனவங்க ஹஜ்ரத். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவார்களாம். மேலே கயிறு மச்சான் கையில் இருக்கும். தன் தங்கை தாலியறுக்கக் கூடாது என்று நினைப்பவன் அவன் ஒருவன்தானே?” என்று சொல்லிச் சிரித்தார்.

இந்தியக் கரையில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில். இவருடைய தந்தை கண்டது அந்த இறுதிக் கால முத்துக்குளிப்பு. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக அந்தத் தொழிலின் கருவிகள் பெரிதும் மாறவேயில்லை. விரைவாக அடியை அடைய ஒரு கல், மேலே இழுக்க ஒரு கயிறு, சிப்பியைப் போட ஒரு வலைப்பை. இருவர் ஒரு கல்லுக்கு என்று மாறிமாறி இறங்குவார்கள். பஹ்ரைன் முதலிய அரபுக் கரைகளிலிருந்து இலங்கைச் சலாபத்துக்கு வந்த குளியாட்கள் மூக்கில் ‘ஃபித்தாம்’ என்னும் கவ்வி பூட்டியிருப்பார்கள். நம்மவர்கள் மூக்கைக் கையாலேயே பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். கருவியில் இருந்த வேறுபாடு அவ்வளவே.

பயணி இப்னு பதூதா பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பை விவரிக்கும்போது, குளியாட்கள் ஆமையோட்டால் முகத்துக்கு ஒரு மறைப்பும் மூக்குக்குக் கத்தரிபோன்ற ஒரு கவ்வியும் செய்துகொள்வதைக் குறிப்பிடுகிறார். அவர்களுள் ஒரு ‘ஸாஅத்’, இரண்டு ‘ஸாஅத்’ நீருக்குள் பொறுத்திருப்போர் உண்டு என்றும் சொல்கிறார். இன்று அச்சொல்லை ஒரு மணி நேரம் என்றே நாம் பொருள் கொள்கிறோம். சிறிது நேரம் என்ற பொருளும் அதற்கு உண்டு. உண்மையில் முத்துக்குளிப்போர் ஒரு முறை மூழ்கினால் அடியில் இருந்தது பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை நிமிடமே. அதற்குள் கை சேர்த்ததுதான் பிழைப்பு.

பெரியவர் தம்முடைய இளமைக்கால முகமூடியைக் காட்டினார். லாரிச் சக்கரத்து டியூபை வெட்டி, அதில் வட்டக் கண்ணாடியைப் பொருத்திச் செய்தது. காலில் கட்டிக்கொள்ள இரண்டு அலுமினியத் தகடுகள். தகட்டைக் கட்டி உதைத்தால் மீனைப்போல் விரைந்து செல்லலாம். “இதை மாட்டிக்கொண்டு ஆறு பாகம், ஏழு பாகம் ஆழம் இறங்குவேன். மணலில் சங்கு போன தடம் தெரியும். தடத்தைப் பிடித்துப் போனால் சங்கு இருக்கும். சிறு சங்கைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிட வேண்டும், அரசாங்க வளையத்தில் நுழைந்து விழும் சங்கை வாங்கமாட்டார்கள்,” என்றார்.

வாசகர்களே, கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்குத் துடுப்பும் வந்தபின்னும் அவர் சுமந்து சென்றது தம் நெஞ்சுக்கூட்டிலிருந்த ஒரே ஒரு மூச்சைத்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சைச் சுமந்து சென்றவர்கள்

கடலுக்குள் மூச்சைக் கொண்டுசெல்லும் ஆசை பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்புத் தலைக்கவசமும் தடித்த உடையும் ஈயக் காலணியும் அணிந்து, மேலிருந்து குழாய் வழியாகக் காற்று பெற்று இறங்கினார்கள். அகஸ்டஸ் சீபே 1837-இல் செம்மைப்படுத்திய உடை அது. அதை அணிந்தவர் கடலடியில் நடக்கலாம், நீந்த முடியாது.

நிலைமையை மாற்றியவர்கள் இருவர். ஒருவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ. மற்றவர் எமில் கக்னான் என்னும் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடித்திருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமையால் வாகனங்களை எரிவாயுவில் ஓட்ட ஒரு வால்வைக் கக்னான் அமைத்திருந்தார். கூஸ்தோவின் மாமனார், கக்னான் பணிபுரிந்த வாயு நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவர். அந்தத் தொடர்பால் 1942 இறுதியில் இருவரும் சந்தித்தார்கள். வாகனத்துக்குத் தேவையான அளவு வாயுவைத் தரும் வால்வு, மனிதனுக்குத் தேவையான அளவு காற்றையும் தரலாமல்லவா? 1943-இல் ‘அக்வாலங்’ பிறந்தது. முதுகில் அழுத்தப்பட்ட காற்றுக் குப்பி, வாயில் ஒரு குழாய். இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்று வரும். கயிறும் குழாயும் இன்றி மனிதன் கடலுக்குள் நீந்தினான். இக்கருவி வகையையே இன்று ஸ்கூபா என்கிறோம்.

அந்த முதற்காலக் கருவிகள் எவ்வளவு எளியவை என்று அறிந்தால் வியப்பீர்கள். குப்பியில் எவ்வளவு காற்று எஞ்சியிருக்கிறது என்று காட்டும் மானி பெரும்பாலோரிடம் இல்லை. மூச்சு இழுக்கக் கடினமானால் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உடனே ஒரு கம்பியை இழுத்துச் சேமக்காற்றைத் திறந்துகொண்டு மேலேற வேண்டும். மிதப்பைச் சரிசெய்யும் உள்ளாடையும் கிடையாது. தோழருக்குக் காற்று தீர்ந்தால், ஒரே வாய்க்குழாயை இருவரும் மாறிமாறிக் கடித்து மூச்சுவிட வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. குளிர்காக்கும் ரப்பர் உடை 1950-களின் தொடக்கத்தில் வந்தது. காற்றூதி மிதப்பைக் கூட்டும் கழுத்துப்பை 1961-இல் மோரிஸ் ஃபென்ஸி என்பவரால் வந்தது. காற்றளவைக் காட்டும் மானி 1970-களில் பரவலாயிற்று. தோழருக்கென்றே தனியாக இரண்டாவது வாய்க்குழாய் சேர்க்கப்பட்டது. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு எப்போது மேலேற வேண்டும் என்று சொல்லும் சிறு கணினி 1983 முதல் விற்பனைக்கு வந்தது. இன்று அது கைக்கடிகார அளவில் மணிக்கட்டில் இருக்கிறது.

வீரம் போய் நிதானம் வந்தது

கருவி மாறியது போலவே மனமும் மாறிற்று. தொடக்கத்தில் ஸ்கூபா பயில்வது படைப்பயிற்சி போன்றிருந்தது. கடற்படை முறைகளிலிருந்து வந்த ஆசிரியர்கள், நீருக்குள் மாணவனின் முகமூடியைப் பறித்தும் காற்றை அடைத்தும் அவன் துணிவைச் சோதித்தார்கள். எவன் ஆழமாகச் சென்றான், எவன் பெரிய மீனை ஈட்டியால் குத்தினான் என்பதே பெருமையாக இருந்தது.

கூஸ்தோவின் ‘மௌன உலகம்’ என்னும் திரைப்படம் 1956-இல் வெளிவந்து, கான் விழாவின் முதற்பரிசைப் பெற்றது. கடலடியை உலகுக்குக் காட்டிய அதே படத்தில், மீன்களைக் கணக்கெடுக்கப் பவளப்பாறையை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். சுறாக்களைக் கோபத்தில் அடித்துக் கொல்கிறார்கள். ஆமையின் முதுகில் ஏறி விளையாடுகிறார்கள். அன்று அதைப் பெரும்பாலோர் தவறென்று கருதவில்லை. அதே கூஸ்தோ 1960-இல் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவைக் கொட்டுவதை எதிர்த்து நின்றார். 1973-இல் கடலைக் காக்க ஒரு சங்கமே அமைத்தார். 1997-இல் அவர் இறந்தபோது கடலின் காவலர் என்றே உலகம் அவரை நினைவுகூர்ந்தது. தவற்றை உணர்ந்து திரும்பும் வாசல் மனிதனுக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது.

ஈட்டி ஏந்திய கைகளில் படிப்படியாகப் புகைப்படக் கருவி வந்தது. எகிப்து அரசு செங்கடலின் ராஸ் முஹம்மது முனையை 1983-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. இன்று நல்ல ஆசிரியர் சொல்லும் விதிகள் எளியவை: தனியாக இறங்காதே, எதையும் தொடாதே, எதையும் எடுத்துவராதே, மெதுவாக மேலேறு, ஐயமிருந்தால் அன்று இறங்காதே. “தைரியசாலி” என்பது இப்போது அங்கே புகழ்ச்சொல் அன்று.

நம் வீட்டுக் கட்டிலில் கிடந்தவர்

இனி, நான் காணச் சென்ற மனிதரிடம் திரும்புவோம். அவர் ஸ்கூபா பயின்றவர் அல்லர். வேறோர் ஊரின் படகில் கூலி கூடுதல் என்று சேர்ந்திருக்கிறார். அந்தப் படகில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஒன்றும், அதிலிருந்து நீண்ட பிளாஸ்டிக் குழாயும் இருந்தன. குழாயின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்க வேண்டும். மானி இல்லை, கணினி இல்லை, சொல்லிக்கொடுத்தவரும் இல்லை.

“மூச்சடக்க வேண்டியதில்லை, ஹஜ்ரத். அரை மணி, முக்கால் மணி அடியிலேயே இருக்கலாம். ஒரு நாளில் நாலைந்து தடவை இறங்கினேன். வாப்பா ஒரு வாரத்தில் எடுக்கும் சங்கை ஒரு நாளில் எடுத்தேன்,” என்றார் படுத்திருந்தவர். அன்று மாலையே கால்களில் எறும்பு ஊர்வது போலிருந்தது. வாயுப்பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துப் படுத்துவிட்டார். காலையில் கால்கள் எழவில்லை. மருத்துவமனைக்குச் சென்றபோது நேரம் கடந்திருந்தது.

நான் ஊர் திரும்பியபின், அறிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் காரணத்தைத் தெரிந்துகொண்டேன். நம் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், கணக்கு எளிதுதான். நாம் நிற்கும் தரையில் காற்று நம்மை அழுத்துவது ஒரு மடங்கு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு மடங்கு கூடும். 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்த ஆழத்தில் சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் இருப்பதால், அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக ஏறினால் மூச்சு வழியாக வெளியேறிவிடும். விரைந்து ஏறினாலோ, சோடாப் புட்டியைத் திறந்ததும் நுரைப்பதுபோல் உடலுக்குள் குமிழிகள் தோன்றும். முதுகுத் தண்டில் குமிழி தங்கினால் கால்கள் முடங்கும். பிரெஞ்சு அறிஞர் பால் பேர் இதை 1878-இலேயே எழுதிவிட்டார். எவ்வாறு நிறுத்தி நிறுத்தி மேலேற வேண்டும் என்ற அட்டவணையை பிரிட்டிஷ் அறிஞர் ஹால்டேன் 1908-இல் வெளியிட்டார். நம் கட்டிலில் கிடந்தவருக்கு நூறாண்டு கடந்தும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை!

ஒரே மூச்சில் இறங்கி ஏறிய பெரியவருக்கு இந்நோய் வரவில்லை. அவர் நெஞ்சில் கொண்டுசென்ற சிறிதளவு காற்றில், ஒன்றரை நிமிடத்தில், அவ்வளவு நைட்ரஜன் சேர வழியில்லை.

இன்னொன்று என்னை உலுக்கியது. மூச்சடக்குவதே குளியாளின் கலை. தந்தை மகனுக்குச் சொல்லித்தரும் முதற்பாடமும் அதுவே. ஸ்கூபாவின் முதல் விதியோ, “ஒருபோதும் மூச்சை அடக்காதே” என்பது. 10 மீட்டர் ஆழத்தில் குழாயிலிருந்து நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, அதை அடக்கியபடியே மேலேறினால், அக்காற்று இரு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். தந்தையைக் காத்த பழக்கமே மகனைக் கொல்லக்கூடும். கருவியை மட்டும் வாங்கிக்கொண்டு, அதற்குரிய கல்வியை வாங்காமல் விட்டால் நேர்வது இதுதான். பக்கத்து இலங்கையிலும் சங்குக்காகவும் கடல் அட்டைக்காகவும் காற்றுக் குப்பியோடு இறங்கி, இவ்வாறே முடங்கியவர்கள் உண்டு.

கடலும் மாறிவிட்டது

“முன்பு போல் அடியில் ஒன்றும் இல்லை,” என்றார் பெரியவர். பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் விற்ற காலம் இருந்தது. அவ்வாறு வெட்டியதன் விளைவாக இங்குள்ள தீவுகளில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1986-இல் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001-இல் பவளமும் கடல் அட்டையும் எடுப்பதற்கு முழுத்தடை வந்தது.

கடல் அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்களுக்கு இத்தடை பெரிய அடி. எதிர்க்கரையில் உரிமத்தோடு எடுக்கலாம், இக்கரையில் எடுத்தால் சிறை என்பது அவர்களுடைய நெடுநாள் மனக்குறை. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தடை போட்டவர்கள் மாற்றுப் பிழைப்பையும் போதிய அளவில் காட்டியிருந்தால், ஒருவர் கம்ப்ரஸர் குழாயைக் கடிக்கும் நிலை வந்திருக்குமா?

அதே சமயம் தென்கடலில் வேறுவகைக் குளிப்பும் நடக்கிறது. தூத்துக்குடியின் கடல் ஆராய்ச்சியாளர்கள் ஸ்கூபா அணிந்து இறங்கி, பவளங்களை எண்ணுகிறார்கள். உடைந்த பாறைகளில் பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கிறார்கள். 2010-இலும் 2016-இலும் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளுத்ததை அவர்களே கண்டு பதிவு செய்தார்கள். ஒரு காலத்தில் கடலிலிருந்து எடுத்துவர இறங்கினோம். இப்போது திருப்பிக் கொடுக்கவும் சிலர் இறங்குகிறார்கள்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “எந்தப் பாரில் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியுமே! எங்களைக் கூப்பிட்டால் காட்டுவோமே!” என்றார். நியாயமான கேள்வி. தடம் பார்த்துச் சங்கைக் காணும் கண்ணும், நீரோட்டம் அறிந்த உடலும் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காதவை. அந்த அனுபவத்தோடு முறையான ஸ்கூபாப் பயிற்சியும் சேருமானால், நம் கரையோர இளைஞர்கள் ஆராய்ச்சியாளர்களுக்குத் துணையாகவும், பயிற்றுநராகவும், மீட்புப் பணியாளராகவும் தலைநிமிர்ந்து நிற்கலாமல்லவா? வெளிநாட்டுப் பயணத்துக்கும் திருமணத்துக்கும் கைகொடுக்கும் நம் ஊர்ச் செல்வந்தர்கள், இரண்டு பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சிச் செலவை ஏற்றால் என்ன?

கரும்பலகையில் ஒரு கணக்கு

இரண்டு வாரத்தில் மாணவன் மத்ரஸாவுக்குத் திரும்பினான். சில மாதங்களுக்குப் பிறகு அவன் வாப்பா கைத்தடியின் துணையோடு பள்ளிவாசல் வரை நடக்கிறார் என்ற செய்தி வந்தது, அல்ஹம்து லில்லாஹ். முழுக் குணம் இன்னும் இல்லை. கடலுக்குத் திரும்ப வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் அஸருக்குப் பின் மாணவர்களை அமரவைத்து, கரும்பலகையில் கடலை வரைந்தேன். 10 மீட்டர், 20 மீட்டர், 30 மீட்டர் என்று கோடிட்டு, பக்கத்தில் 2, 3, 4 என்று எழுதினேன். ஒரு பலூனை ஊதிக் காட்டி, அது ஒவ்வோர் ஆழத்திலும் எவ்வளவு சுருங்கும், மேலே வரும்போது எவ்வளவு விரியும் என்று கேட்டேன். மற்றவர்களைவிட அந்த மாணவன் விரைவாக விடை சொன்னான். பின்னர் எழுந்து நின்று, “இதை எங்க வாப்பாவுக்கு யாருமே சொல்லலையே, ஹஜ்ரத்?” என்று கேட்டான்.

என்னிடம் பதில் இல்லை. உடல் நமக்கு அமானிதம் என்று மிம்பரில் சொல்கிறோம், வகுப்பில் சொல்கிறோம். அந்த அமானிதத்தைக் கடலடியில் காப்பது எப்படி என்பதையும் நாம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

வாசகர்களே! உங்கள் உறவினரோ அண்டை வீட்டாரோ குழாயைக் கடித்துக் கடலில் இறங்குகிறார்களா? இந்தக் கட்டுரையை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். மூச்சை அடக்காதே, மெதுவாக ஏறு, ஏறியபின் கை கால் மரத்தால் எண்ணெய் தேய்த்துப் படுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல், நீருக்குள் இருந்து வந்ததை மருத்துவரிடம் மறைக்காதே. இந்த நான்கையும் மனத்தில் பதியும்படி சொல்லுங்கள். பழைய நாளில் மேலே கயிற்றைப் பிடித்திருக்க ஒரு மச்சான் இருந்தார். இன்று அந்தக் கயிறு நம் எல்லோருடைய கையிலும் இருக்கிறது.